எண்ணெய்ச் சட்டிக்குள் மூன்று புள்ளிகள்

போடியில் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் பவுன்தாய் என்றொரு எஞ்சின் மேஸ்திரி இருந்தார். வயது முப்பத்தெட்டு. மலை ஏறி இறங்கி மூச்சு வாங்கும் வண்டிகள் எல்லாம் கடைசியில் அவர் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும்.

அவருக்கு ஒரு சீடர். பெயர் சன்னாசி. வயது ஐம்பத்து நாலு. ஆமாம், குருவைவிடச் சீடருக்குப் பதினாறு வயது கூட. அவரும் ஒரு காலத்தில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்தான். அவர் பிரித்துச் சேர்த்துக் கொடுத்த எஞ்சின் ஒன்று, மலையில் பாதி ஏற்றத்தில் ஜாம் ஆகி நின்றுவிட்டது. ஊர் சிரித்தது. பட்டறையை மூடிவிட்டு நேரே பவுன்தாயிடம் வந்து, "எஞ்சின் வேலை கத்துக் குடுங்க மேஸ்திரியம்மா" என்று நின்றார்.

தன்னைவிட இளையவளிடம் போய் அப்படி நிற்க ஒரு தைரியம் வேண்டும். அது சன்னாசியிடம் இருந்தது. கூடவே கொஞ்சம் வாய்க்கொழுப்பும் இருந்தது.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வேலை முடிந்ததும் வண்டிக்கு அடியில் புது வெள்ளை வேட்டி ஒன்றை விரிப்பார்கள். நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட விடுவார்கள். பிறகு வேட்டியை எடுத்து உதறி மடித்து வண்டிக்காரர் கையில் கொடுப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இருக்காது. அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், "எங்க வண்டிக்கு அடியில விரிச்சதாக்கும்" என்று பந்தியில் பீற்றிக்கொள்கிறவர்கள் போடியில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கம் வெளியே தெரியாது. எஞ்சினின் அடிப்பக்கம் எண்ணெய் தேங்கும் சட்டி ஒன்று உண்டு. அதை மூடுவதற்கு முன்னால், உட்புறத்தில் பவுன்தாய் பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் மூன்று புள்ளி குத்துவார். அடுப்புக்கல் வைத்த மாதிரி மூன்று. அதுதான் அவர் குறி. சட்டியை மூடிவிட்டால், மறுபடி யாராவது எஞ்சினைப் பிரிக்கும் வரை அதை ஒரு கண்ணும் பார்க்காது.

பேர்தான் சன்னாசி. அந்தக் குறியின் மேல் அவருக்கு அப்படியோர் ஆசை. தனக்கென்று ஒரு குறி வேண்டும். அது ஐந்து முனை நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்து, தகரத் துண்டுகளில் குத்திக் குத்திப் பழகி வைத்திருந்தார். குறி கிடைத்துவிட்டால் ஊர் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கேட்பார்.

"எனக்கு எப்போ குறி, மேஸ்திரியம்மா?"

"குறி எதுக்குண்ணே?"

"பேரு நிக்கும்ல?"

"டீ ஆறுது பாருங்க. குடிங்க."

மூன்று வருஷத்தில் மூன்று ஆயுத பூஜை. மூன்று டீ.

*

நாலாவது வருஷம் ஆடி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய வெள்ளை வண்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பதினேழு வருஷத்து வண்டி. பின்கதவெல்லாம் பந்து பட்ட பள்ளம். சொந்தக்காரர் சகாயராஜ், அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியர். பெண்கள் வாலிபால் அணி ஒன்றை வளர்த்து, ஊர் ஊராய் இந்த வண்டியில்தான் ஏற்றிப் போய் ஆட வைப்பார். டீசல், பரோட்டா எல்லாம் அவர் சம்பளத்தில்.

பவுன்தாய் அன்றைக்கு மதுரைக்கு லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தார். சன்னாசிதான் இருந்தார்.

"அடியில டொக்கு டொக்குன்னு சத்தம்" என்றார் சகாயராஜ். "ஆயில் லைட்டு எரிஞ்சுச்சு. உடனே ஆஃப் பண்ணிட்டேன். வழியில ரெண்டு பட்டறையில காட்டினேன். எஞ்சினையே மாத்தணுங்கிறாங்க. அந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிரலாம், இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க சார்னு சிரிக்கிறாங்க."

"எஞ்சின் வேலை யாரு பாத்தது?"

"இங்கதான். ஆறு வருஷம் முன்னாடி. உங்க வேட்டியைத்தான் இந்த ஈஸ்டருக்குக் கட்டினேன்."

அது போதும் சன்னாசிக்கு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். எதிரே டீக்கடையில் ஏழெட்டு ஜீப் டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை ஏற்றினார்.

"எங்க எஞ்சின் தானாப் போகாது சார். ஆயில் மாத்தாம ஓட்டியிருப்பீங்க."

"சொன்ன கெடு தவறாம மாத்தியிருக்கேங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பந்துக்குக் காத்து அடிச்சா மட்டும் போதுமா? எஞ்சினுக்கும் எண்ணெய் ஊத்தணும்ல!"

டீக்கடை சிரித்தது. சகாயராஜ் முகம் சிவந்துபோயிற்று.

"சனிக்கிழமை திண்டுக்கல்ல மேட்ச்" என்று மட்டும் சொன்னார். "புள்ளைக கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல." பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

சன்னாசிக்கு அன்றைக்கு வேலை இனித்தது. எஞ்சினை இறக்கினார். கவிழ்த்தார். சட்டியைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்தார். மூன்று புள்ளிகள் தெரிந்தன. மேஸ்திரியம்மாவின் குறி! ஆறு வருஷம் கொதிக்கிற எண்ணெயில் கிடந்தும் குத்தியது குத்தியபடி இருந்தது. சன்னாசிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன்னுடைய நட்சத்திரம் எந்த மூலைக்கு எடுப்பாக இருக்கும் என்று விரலால் அளந்துகூடப் பார்த்தார்.

அப்புறம்தான் வடிகட்டியைக் கழற்றினார்.

சட்டியில் இருக்கும் எண்ணெய் அந்த வடிகட்டி வழியாகத்தான் மேலே ஏறி எஞ்சின் முழுக்கப் போகும். வலைக் கண் முழுக்க ஏதோ கறுப்பாக அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார். இழை இழையாக வந்தது. எண்ணெய்க் கசடு இல்லை, பசை. சட்டி ஒழுகாமல் இருக்க விளிம்பில் தடவுகிற பசை. சட்டியை இறுக்கும்போது மிச்சப் பசை உள்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. ஆறு வருஷத்தில் துணுக்கு துணுக்காக உதிர்ந்து வடிகட்டியை அடைத்திருக்கிறது. எண்ணெய் ஏறாமல் பேரிங்குகள் காய்ந்து உராய்ந்திருக்கின்றன. சட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் தாகத்தில் செத்திருக்கிறது.

விளிம்பைப் பார்த்தார். விரல் கனத்துக்குப் பசை. அப்படித் தாராளமாகத் தடவுகிற பட்டறை போடியில் ஒன்றே ஒன்றுதான். வேட்டியில் ஒரு சொட்டு விழக் கூடாதே!

சன்னாசி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று புள்ளிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் தான் பேசிய பேச்சு காதுக்குள் திரும்பக் கேட்டது. அதைவிட, மேஸ்திரியம்மா தப்புச் செய்வார் என்பதே அவருக்கு வலித்தது. இந்தப் பட்டறையின் பேர் போய்விட்டால், இங்கே வாங்குகிற குறிக்குத்தான் என்ன மரியாதை?

சுற்றுமுற்றும் பார்த்தார். வடிகட்டியைக் கழிவுத் துணியில் சுருட்டி, டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினார். விளிம்புப் பசையை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தார். பிறகு எப்போதும் போல, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்பினார்.

*

மூன்று மணி பஸ்ஸில் பவுன்தாய் வந்து இறங்கினார். பையைக்கூட வைக்கவில்லை. சாக்கு ஓரமாக ஒரு தடவை நடந்தார். நடுவில் நின்றார்.

"இந்த இடம் காலியா இருக்கே."

"எந்த இடம்?"

"சட்டிக்கும் பம்புக்கும் நடுவுல."

சன்னாசிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை. பவுன்தாயிடம் சொல்லத் தெரியாது.

"வடிகட்டியா? அது... கழுவலாம்னு போட்டிருக்கேன்."

"கழுவாமக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். பவுன்தாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் இழையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். வெகுநேரம் உருட்டினார்.

"என் பசை" என்றார்.

"ஆறு வருஷம் ஆச்சு, மேஸ்திரியம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியுதுல்ல?"

"நான் வாயத் தெறக்க மாட்டேன். எங்கம்மா சத்தியமா."

"எனக்கும் தெரியுதே அண்ணே."

சன்னாசி தரையைப் பார்த்தார்.

"சாருக்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆயில் மாத்தாம ஓட்டுனதாச் சொன்னேன்."

"எத்தனை பேரு இருந்தாங்க?"

"டீக்கடையில ஏழெட்டுப் பேரு."

பவுன்தாய் பையைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு சாரை வரச் சொல்லுங்க. அந்த ஏழெட்டுப் பேருக்கும் டீ சொல்லுங்க. அப்படியே ஒரு வேட்டி வாங்கிட்டு வந்துருங்க."

"எஞ்சினே இன்னும் சேர்க்கலையே. வேட்டி எதுக்கு?"

"வாங்கிட்டு வாங்க."

"சாதா வேட்டி போதுமா?"

"எப்பவும் வாங்குறதே வாங்குங்க. கரை நல்லா இருக்கணும்."

*

மறுநாள் பத்து மணிக்கு சகாயராஜ் வந்தார். டிரைவர்கள் டீ டம்ளரோடு பட்டறை வாசலில் கூடினார்கள். ஓசி டீ என்றால் கூட்டத்துக்கா பஞ்சம்? ஏழெட்டு பத்துப் பன்னிரண்டாகியிருந்தது.

பவுன்தாய் மடித்த வேட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். சகாயராஜ் புரியாமல் வாங்கிப் பிரித்தார். உள்ளே அந்த வடிகட்டி. புது வேட்டியில் கறுப்பாக எண்ணெய் ஊறியிருந்தது.

"நான் தடவுன பசை சார். வேட்டி வெள்ளையா இருக்கணும்னு அளவுக்கு மீறித் தடவியிருக்கேன். அது உள்ள பிதுங்கி உதுந்து அடைச்சிருக்கு. நீங்க ஆயில் மாத்துனதுல ஒரு குறையும் இல்ல. வண்டி கெட்டது என்னாலதான். சாமானும் கூலியும் என்னோடது."

டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. சகாயராஜ் வடிகட்டியையே பார்த்தார்.

"ஆறு வருஷமா உங்க பேரை ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது.

"தெரியும் சார். அதனாலதான் உங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லல."

சன்னாசி பட்டறையின் உள்பக்கம் நழுவிவிடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். பவுன்தாய் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சன்னாசி முன்னால் வந்தார்.

"சார்... நேத்து இதே எடத்துல உங்களைக் கேவலமாப் பேசுனவன் நான்தான். எஞ்சினைத் தெறந்துகூடப் பாக்காமப் பேசுனேன். தெறந்து பாத்ததுக்கு அப்புறம் இதை ஒளிச்சும் வச்சேன். மன்னிச்சுருங்க."

ஒளித்து வைத்ததை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயில் வந்துவிட்டது.

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஓட்டும் கனகவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப எங்க வண்டியிலயும் இதே பசைதானே, மேஸ்திரியம்மா?"

"இதே பசைதான் தம்பி. கொண்டாங்க. சட்டியைக் கழட்டிப் பாத்துருவோம். கூலி வேணாம்."

"நாளைக்கு உங்க பட்டறையைத் தேடி எவன் வருவான்?" என்றான் பின்னால் ஒருவன்.

சகாயராஜ் வடிகட்டியை அதே வேட்டியில் வைத்து மெதுவாகச் சுருட்டினார். அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வண்டி எப்போ கிடைக்கும்?"

"வெள்ளிக்கிழமை சார்."

"சனிக்கிழமை விடிய அஞ்சு மணிக்குக் கிளம்பணும்."

"கிளம்புவீங்க."

சகாயராஜ் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறப் போனார். வேறு பட்டறைக்கு இழுத்துப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனித்த சன்னாசிக்குக் கண் கலங்கியது. ஊர் பார்க்கத் தலை குனிந்த நாளில் தனக்கு ஏன் இப்படிப் பெருமையாக இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் இருந்தது. இந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்று யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

*

உராய்ந்துபோன கிராங்க் ஷாஃப்ட் தண்டு மதுரைக்குப் போய்க் கடைசல் முடிந்து வந்தது. புது பேரிங்குகள் வந்தன. பவுன்தாய் சாமான் செலவுக்குக் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் சன்னாசி அதைப் பார்த்தார். கேட்கவில்லை.

புதன்கிழமை கனகவேலின் ஜீப் வந்தது. கூடவே இன்னும் இரண்டு. ஒன்றில் வடிகட்டி பாதி அடைத்திருந்தது. மற்ற இரண்டும் சுத்தம். மூன்றையும் வண்டிக்காரர்களை வைத்துக்கொண்டே திறந்து, காட்டி, துடைத்து, மூடினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் சகாயராஜ் வண்டியின் எஞ்சின் கவிழ்ந்து கிடந்தது. எல்லாம் முடிந்தது. சட்டியை மூட வேண்டியதுதான் பாக்கி.

பவுன்தாய் பசைக் குழாயைச் சன்னாசி கையில் கொடுத்தார்.

சன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் கனத்துக்கு ஓட்டினார். விளிம்பைச் சுற்றி ஒரே இழுப்பு. முடித்ததும் அவருக்கே சந்தேகம்.

"ரொம்பச் சன்னமா இருக்கோ, மேஸ்திரியம்மா? வேட்டியில சொட்டிருச்சுன்னா?"

"சொட்டினா கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சாச் சரி பண்ணிரலாம்."

சட்டியைத் தூக்கினார்கள். சன்னாசி அதைத் திருப்பிப் பிடித்தார். உட்புறத்தில் மூன்று புள்ளிகள்.

"இந்தப் பழைய குறியை ராவி எடுத்துரட்டுமா? அரம் இங்கதான் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

"எதுக்கு?"

"நாளைக்கு வேற எவனாச்சும் தெறந்து பாத்தா, தப்புப் பண்ணுன எஞ்சினுக்குக் குறி வேறயான்னு கேப்பான்."

பவுன்தாய் மேசை இழுப்பறையைத் திறந்தார். பஞ்ச் உளியையும் சிறு சுத்தியலையும் எடுத்துச் சன்னாசி முன்னால் வைத்தார்.

"குத்துங்க."

"உங்க குறி ஏற்கெனவே இருக்கே."

"உங்க குறியக் குத்துங்க."

மூன்று வருஷம் காத்திருந்தவர், தகரம் தகரமாக நட்சத்திரம் குத்திப் பழகியவர், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

"இந்த வண்டியிலயா? வேணாம் மேஸ்திரியம்மா. ஊரே பேசுற வண்டி இது. வேற நல்ல வண்டி ஒண்ணு வரட்டும். இதுல என் பேரைப் போட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."



பவுன்தாய் பட்டறை வாசலைப் பார்த்தார். தகரப் பலகையில் அவர் பேர் சிவப்பு எழுத்தில் பெரிதாக இருந்தது. போன ஆயுத பூஜைக்கு வர்ணம் அடித்தது. அடித்தவர் சன்னாசிதான்.

"அந்தப் போர்டு வர்றவங்களுக்கு, அண்ணே" என்றார். "இந்தக் குறி, ஏதாச்சும் ஒண்ணு ஆகித் திரும்பி வர்றவங்களுக்கு."

நட்சத்திரம் சன்னாசியின் நினைவுக்கே வரவில்லை. மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் உளியை நேராக நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார்.